மரம் வெட்டும் காட்டில் பறவை காக்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்துக்காகப் பராமரிக்கப்படும் காடுகளில், அருகிவரும் பறவைகளைக் காக்கும் காட்டுயிர் உயிரியலாளர் என்னதான் செய்கிறார்? இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோரும், மரத்தொழிலில் இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. காட்டுத் தொழிலும் பறவைப் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதி, பிறகு சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு அங்கே விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

வெட்டுறதுக்குன்னே வளர்க்கிற காட்டுல பறவையைக் காப்பாத்த ஒரு ஆளா? அங்கே அவருக்கு என்ன வேலை?

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றதும் பலருக்குச் சரணாலயம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் உலகக் காடுகளில் பெரும்பகுதி சரணாலய எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே நடுவார்கள், நெருக்கம் குறைய இடையிடையே சில மரங்களை எடுத்துக் கலைத்து விடுவார்கள், வெட்டுவார்கள், மறுபடி நடுவார்கள். அருகிவரும் பறவைகள் பலவற்றுக்கு அதுதான் வீடு.

ஒவ்வொரு காட்டுக்கும் வெட்டுத் திட்டம் ஒன்று இருக்கும். எந்தப் பகுதியை எந்த ஆண்டு வெட்டுவது, எதை விடுவது என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே உயிரியலாளர் உள்ளே வர வேண்டும். இந்தப் பகுதியில் கூடு இருக்கிறது, இந்த மரங்களை விட வேண்டும், இந்த மாதங்களில் ரம்பம் ஓடக் கூடாது, இந்தத் துண்டை இன்னும் ஐம்பது ஆண்டுக்குத் தொட வேண்டாம் என்று ஆதாரத்தோடு சொல்வது அவர் பொறுப்பு. ரம்பம் ஓடத் தொடங்கிய பிறகு ஓடிவந்தால் பெரும்பாலும் பயன் இருக்காது.

நாள் முழுக்க காட்டுலயே சுத்திட்டு இருக்கலாமா?

கூடு கட்டும் பருவத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். விடியலுக்கு முன்பே எழுந்து போக வேண்டும், ஆந்தை என்றால் இரவிலும் போக வேண்டும். மற்ற மாதங்களில் வரைபடம், தரவு, அறிக்கை, கூட்டம். பதவி உயர உயரக் காடு குறைந்து கூட்டம் கூடும்.

இதைச் சொன்னதும் மாணவர்கள் முகம் வாடிவிடுகிறது. எனக்கோ கூட்ட அறையில் செலவாகும் நேரத்தின் மீது பெரும் மரியாதை உண்டு. ஒரு பருவம் முழுக்க அலைந்து கண்டுபிடித்த கூடுகள், திட்டத்தில் ஒரு வரியாக ஏறாவிட்டால் அந்தப் பறவைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒரு காட்டுல அந்தப் பறவை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

பறவைக்குப் பறவை வேறுபடும். அமெரிக்க மேற்குக் கரையின் வடபுள்ளி ஆந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டில் புள்ளி ஆந்தை என்று சொல்கிற சின்ன ஆந்தை வேறு. இது முதிர்ந்த ஊசியிலைக் காட்டில் வாழும் பெரிய ஆந்தை.) இரவில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் பதில் குரல் கொடுக்கும். பிறகு பகலில் போய் அதற்கு ஒரு வெள்ளெலியைக் காட்டுவார்கள். குடும்பம் இருக்கிற ஆண் ஆந்தை எலியைத் தான் தின்னாமல் துணைக்கோ குஞ்சுக்கோ தூக்கிக்கொண்டு பறக்கும். பின்னாலேயே ஓடினால் கூடு தெரிந்துவிடும். இந்த ஆந்தையைப் பற்றி நமக்குத் தெரிந்த அடிப்படைகளில் நிறைய, 1970-களில் ஓரிகனில் எரிக் ஃபோர்ஸ்மன் என்ற உயிரியலாளர் தொடங்கிய இப்படிப்பட்ட களப்பணியிலிருந்து வந்தவை.

மார்பிள்டு மர்லெட் இன்னும் கடினம். அது கடலில் மீன் பிடித்து வாழும் சிறு பறவை. முட்டையிடுவதோ கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, பழங்காட்டு மரங்களின் உச்சிக் கிளைகளில். கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட்ஸ் பூங்காவில் 1974-ல்தான், மரமேறி ஒருவர் தற்செயலாக அதன் கூட்டைப் பார்த்தார். அதுவரை அப்பகுதியில் அது எங்கே முட்டையிடுகிறது என்பதே அறிவியலுக்குப் புதிராக இருந்தது. இன்றும் அதைத் தேடுகிறவர்கள் சூரிய உதயத்துக்கு 45 நிமிடம் முன்பே இடத்தில் நின்று, மரங்களுக்கு மேலே வேகமாகக் கடந்து போகும் ஒரு நிழலுக்கும் ஒரு கீச்சுக் குரலுக்கும் காத்திருக்கிறார்கள்.

இப்போது தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை மரத்தில் கட்டிவிட்டு வாரக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். பதிவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்க மென்பொருள் இருக்கிறது. பறவையைச் சீண்டாமல் தகவல் கிடைக்கிறது என்பது இதில் பெரிய நன்மை.

ரெண்டு மூணு தடவை போயும் ஒண்ணுமே கேக்கலைன்னா, இல்லைன்னு எழுதிடலாம்தானே?

இந்த இடத்தில்தான் நல்ல உயிரியலாளரும் அவசரக்காரரும் பிரிகிறார்கள். பறவை இருந்தும் அன்றைக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். காற்று, மழை, ஓடைச் சத்தம், அடைகாக்கும் நாட்கள், பக்கத்தில் எதிரி என்று காரணங்கள் பல.

ஒரு கணக்கு பாருங்கள். இருக்கிற பறவையை ஒரு முறை போனால் கண்டறியும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் தவறவிடும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது. அது ஏறத்தாழ 22 விழுக்காடு. அதாவது பறவை இருக்கிற ஐந்து இடங்களில் ஒன்றை, இல்லை என்று எழுதி வெட்டக் கொடுத்துவிடுவோம். ஆறு முறை போனால் அது 5 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. எத்தனை முறை போக வேண்டும், எத்தனை ஆண்டு போக வேண்டும் என்று நெறிமுறைகள் கறாராகச் சொல்வதற்கு இதுதான் காரணம். செலவு அதிகம் என்று முதலில் குறைக்கப்படுவதும் இந்தத் தடவைகள்தான். உயிரியலாளர் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் இது என்பது என் கருத்து.

மரம் வெட்டுறதை மொத்தமா நிறுத்திட்டாப் போதாதா?

சில பறவைகளுக்குப் போதும். சிலவற்றை அது அழித்துவிடும். மிச்சிகனின் கிர்ட்லேண்ட் கதிர்க்குருவி ஏறக்குறைய முழுக்க இளம் ஜாக் பைன் காட்டில்தான் கூடு கட்டுகிறது. மரங்களின் வயது ஏறத்தாழ 5 முதல் 20 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். தாழ்ந்த கிளைகள் தரையைத் தொட்டு நிற்க, அந்த மறைவில் தரையிலேயே கூடு அமைக்கும். மரம் வளர்ந்து கீழ்க் கிளைகள் காய்ந்து உதிர்ந்ததும் குருவி அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

முன்பெல்லாம் காட்டுத்தீ வந்து பழைய காட்டை எரித்து, சூட்டில் பைன் காய்கள் திறந்து விதை கொட்டி, புதுக்காடு எழுந்தது. மனிதர்கள் தீயை அடக்கியதும் இளங்காடு குறைந்தது. 1974-லும் 1987-லும் எடுத்த கணக்கில் பாடும் ஆண் குருவிகள் வெறும் 167. பிறகு முதிர்ந்த ஜாக் பைனைப் பகுதி பகுதியாக வெட்டி, இடையிடையே திறந்த வெளி விட்டு, நெருக்கமாக நடும் திட்டம் பெரிய அளவில் நடந்தது. குருவியின் கூட்டில் முட்டையிட்டு அதன் குஞ்சுகளைப் பட்டினி போடும் கௌபேர்ட் பறவைகளை 1972 முதலே பொறி வைத்துப் பிடித்தார்கள். எண்ணிக்கை 2,000 இணைகளைத் தாண்டியது. 2019-ல் அது அழிவின் விளிம்பிலுள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்தப் பறவையைக் காப்பாற்றியதில் ரம்பத்துக்கும் பங்கு உண்டு.

காட்டுக்கு நீங்களே தீ வைக்கிறீங்களாமே, பாவம் இல்லையா?

அமெரிக்கத் தென்கிழக்கின் நீளிலை பைன் காடுகள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்னலாலும் மனிதராலும் தரையோடு ஓடும் சிறு தீ அங்கே வழக்கம். அது புதரை எரிக்கும், தடித்த பட்டையுள்ள பைனைக் கொல்லாது. தீ நின்றதும் கீழிருந்து ஓக் போன்ற மரங்கள் எழுந்து அடைத்துக்கொண்டன. அங்கே வாழும் ரெட் காக்கேடட் மரங்கொத்தி, பொந்து உயரத்துக்குப் புதர் வந்துவிட்டால் குடியிருப்பையே கைவிட்டுவிடும். அதனால் ஈரம், காற்று, வெப்பம் பார்த்து, தீ தாண்டாதபடி வெட்டிய கோட்டுக்குள், பயிற்சி பெற்றவர்கள் தீ வைக்கிறார்கள். எரிக்காமல் விட்டால்தான் அந்தப் பறவைக்குக் கேடு.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 1980 மே 5-ல் மிச்சிகனில், கிர்ட்லேண்ட் குருவிக்காக வைத்த தீ கட்டுமீறி மேக் லேக் பகுதியில் ஏறத்தாழ 24,000 ஏக்கரை எரித்தது. ஒரு வனப்பணியாளர் இறந்தார், 44 வீடுகள் போயின. எரிந்த நிலத்தில் எழுந்த இளங்காட்டில் பத்தாண்டுக்குள் குருவிகள் பெருகியது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு உயிரை எந்தக் கணக்கிலும் சரிக்கட்ட முடியாது. வானிலை சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அன்றைய தீயை ஒத்திப்போடும் துணிவு குழுவில் எல்லோருக்கும் வேண்டும்.

மரங்கொத்திதானே, செத்த மரத்துல பொந்து போட்டுக்காதா?

பெரும்பாலான மரங்கொத்திகள் அப்படித்தான் செய்யும். ரெட் காக்கேடட் மட்டும் உயிருள்ள பைனில்தான் குடையும். உயிருள்ள மரம் பிசின் சுரக்கும். பொந்து வாயைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் கொத்தி, பிசினை வழியவிடும். மரமேறும் பாம்புகள் அந்தப் பிசினைத் தாண்ட முடியாமல் திரும்பும்.

உயிருள்ள மரத்தின் வைரம் கடினம். அதனால் உள்வைரத்தைப் பூஞ்சை அரித்து மெதுவாக்கிய கிழ மரங்களைத் தேடும். பொதுவாக 80 வயதைத் தாண்டிய மரங்கள். அப்படியும் ஒரு பொந்து முடிய ஆண்டுகள் ஆகும். தொழில்முறைப் பைன் தோட்டமோ 25, 30 ஆண்டில் வெட்டப்படுகிறது. அந்தச் சுழற்சியில் இந்தப் பறவைக்கு ஒரு மரமும் கிடைக்காது. ஒவ்வொரு துண்டிலும் சில மரங்களைக் கிழமாக விடு என்று உயிரியலாளர் மன்றாடுவது இதற்காகத்தான்.

செயற்கைப் பொந்து வெச்சா பறவை வருமா?

வந்தது. இந்த மரங்கொத்தி குடும்பமாக வாழும். வளர்ந்த மகன்கள் தனியே போகாமல் பெற்றோருக்குக் குஞ்சு வளர்க்க உதவிக்கொண்டு காத்திருக்கும். காரணம் பொந்துப் பஞ்சமா என்று சோதிக்க, உயிரியலாளர் ஜெஃப்ரி வால்டர்ஸ் குழுவினர் வட கரோலினாவில் மரங்கொத்தி குடியில்லாத இடங்களில் பொந்து குடைந்து வைத்தார்கள். பெரும்பாலானவற்றில் புதுக் குடும்பங்கள் குடியேறின. குடையாமல் விட்ட ஒப்பீட்டு இடங்கள் காலியாகவே இருந்தன.

இதன் அருமை உடனே தெரிந்தது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மேரியன் காட்டைத் தாக்கியது. பொந்து மரங்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு முறிந்தன, பறவைகளில் பாதிக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றுக்கு இரவு தங்க இடமில்லை. மரத்தைச் சதுரமாக வெட்டி, அதற்குள் பொந்துள்ள மரப்பெட்டியைச் செருகும் முறையில் நூற்றுக்கணக்கான பொந்துகளை அமைத்தார்கள். அந்தக் கூட்டம் மீண்டது. 2024-ல் இந்தப் பறவை அழிவின் விளிம்பு என்ற நிலையிலிருந்து அச்சுறுத்தலுக்குள்ளானது என்ற, ஆபத்து குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது.

அப்போ எல்லாத்துக்கும் பெட்டி மாட்டிட்டு கிழ மரத்தை வெட்டிக்கலாமே?

இது மரத்தொழில் நண்பர் ஒருவர் நேர்மையாகக் கேட்டது. மரங்கொத்திக்கே அந்தப் பெட்டி தற்காலிகம்தான். பெட்டி செருகவும் தடித்த மரம் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியை மாற்றவும் வேண்டும்.

முன்பு சொன்ன மர்லெட்டுக்கு அதுவும் நடக்காது. அது கூடு கட்டுவதே இல்லை. அகன்ற கிளையில் படர்ந்த பாசி மெத்தையில் ஒரே ஒரு முட்டை இடும். அப்படி ஒரு கிளை உருவாக மரத்துக்கு நூற்றாண்டுகள் வேண்டும். சுற்றிலும் காடு வேண்டும், இல்லையென்றால் காக்கை இனப் பறவைகள் முட்டையைத் தேடிப் பிடித்துவிடும். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் பூங்காக்களில் முகாமிடுகிறவர்களிடம் ஒரு ரொட்டித் துணுக்கைக்கூடத் தரையில் விடாதீர்கள் என்று கெஞ்சுவது இதனால்தான். துணுக்குக்கு வருகிற, காக்கை இனத்தைச் சேர்ந்த ஜே பறவைகள் மேலே கூட்டையும் பார்த்துவிடுகின்றன.

தன் நிலத்துல பறவை வந்தா நிலம் போச்சுன்னு தனியார்காரர் நினைக்க மாட்டாரா?

நினைத்தார்கள். அதுவும் நியாயமான பயம். மரம் முதிர்ந்தால் மரங்கொத்தி வரும், வந்தால் சட்டம் வரும் என்று, முதிரும் முன்பே வெட்டினார்கள். பாதுகாப்புச் சட்டமே பறவைக்கு எதிராகத் திரும்பியது.

1995-ல் வட கரோலினாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் பாதுகாப்புத் துறைமுகம் என்ற பொருள் தரும் பெயரில் ஓர் ஒப்பந்த முறை வந்தது. இன்றைக்கு உங்கள் நிலத்தில் எத்தனை குடும்பங்கள் உண்டோ அதுதான் உங்கள் பொறுப்பு. நிலத்தை நன்றாகப் பராமரித்து, அதனால் கூடுதலாகப் பறவை வந்தால் அதற்காகப் புதிய தடை உங்கள் மேல் விழாது. இதைக் கேட்டதும் கதவுகள் திறந்தன. தனியார் நிலத்துக்குப் போகிற இளம் உயிரியலாளருக்கு நான் சொல்வது: முதலில் அவர் பயத்தைக் கேளுங்கள், பறவையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பறவையா, மரவெட்டிக் குடும்பத்தின் சோறா? நீங்க யார் பக்கம்?

வடபுள்ளி ஆந்தை 1990-ல் அச்சுறுத்தலுக்குள்ளானது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நீதிமன்றம், அந்த ஆந்தை வாழும் தேசியக் காடுகளில் மர விற்பனையைப் பெருமளவு நிறுத்தியது. ஆலை ஊர்களில் கோபம் கொந்தளித்தது. 1994-ல் வந்த வடமேற்குக் காட்டுத் திட்டம் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் அரசுக் காட்டை, பழங்காடு காக்கும் பகுதி, ஓடைக்கரைப் பகுதி, வெட்டும் பகுதி என்று பிரித்தது. ஆலைகள் நவீனமானதும் மரத்தைப் பதப்படுத்தாமல் ஏற்றுமதி செய்ததும் மரத்தொழில் வேலைகளை முன்பிருந்தே குறைத்து வந்தன. ஆனால் ஆந்தையால் யாருக்கும் வேலை போகவில்லை என்று சொல்வதும் பொய். பல குடும்பங்கள் உண்மையாகவே நொந்தன.

நான் பறவையின் பக்கம். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம், அதற்காகத்தான் வந்தேன். ஆனால் ஊரை எதிரியாக்கிக்கொண்ட பாதுகாப்பு நிலைக்காது. நெருக்கமான தோட்டங்களைக் கலைத்துவிட்டால் மிஞ்சிய மரங்கள் வேகமாகத் தடிக்கும். கலைக்கிற வேலை ஊருக்கு, பழங்காட்டுத் தன்மை பறவைக்கு. இப்படி இருவருக்கும் ஒத்துவருகிற இடங்களைத் தேடுவதும் வேலையின் பகுதி.

ஒரு ஆந்தையைக் காப்பாத்த இன்னொரு ஆந்தையைச் சுடறது என்ன நியாயம்?

இங்கே வருகிற கேள்விகளிலேயே கடினமானது. வட அமெரிக்கக் கிழக்கைச் சேர்ந்த பார்டு ஆந்தை 20-ஆம் நூற்றாண்டில் மேற்கே பரவியது. உருவில் பெரியது, எதையும் தின்னும், குறைந்த இடத்தில் நெருக்கமாக வாழும். வந்த இடத்தில் புள்ளி ஆந்தையைத் துரத்திவிடுகிறது. குரல் கொடுத்தால் அடி விழும் என்பதால் புள்ளி ஆந்தைகள் ஊமையாகிவிடுகின்றன. முன்பு சொன்ன கணக்கெடுப்புச் சிக்கல் இங்கே இரட்டிப்பாகிறது. பழங்காட்டைக் காத்தும் புள்ளி ஆந்தை குறைந்துகொண்டே போவதற்கு இது முதன்மைக் காரணம்.

பார்டு ஆந்தைகளை அகற்றிய சோதனைப் பகுதிகளில் புள்ளி ஆந்தையின் சரிவு ஏறத்தாழ நின்றது, அகற்றாத பகுதிகளில் தொடர்ந்தது. அந்த முடிவு 2021-ல் வெளியானது. 2024-ல் பெரிய அளவில் அகற்றும் திட்டத்துக்கு அரசு அனுமதி தந்தது. எதிர்ப்பும் வலுவாக இருக்கிறது. எதிர்ப்பவர்களை நான் மதிக்கிறேன். என் நிலைப்பாடு: கிழக்கில் பார்டு ஆந்தை செழித்திருக்கிறது, புள்ளி ஆந்தைக்கு வேறு இடமில்லை. அதனால் சில பகுதிகளிலாவது அகற்றத்தான் வேண்டும். சுடுகிறவர்கள் ஆந்தைகளை நேசித்து இந்தத் துறைக்கு வந்தவர்கள். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

கூடு எங்கேன்னு கேட்டா ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க?

படம் எடுக்க வருகிற கூட்டம், குரலை ஒலித்துச் சீண்டுகிறவர்கள், கோபத்தில் இருப்பவர்கள் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். நண்பருக்குக்கூடச் சொல்லாமல் பழகுங்கள்.

என்ன படிக்கணும்?

விலங்கியல், சூழலியல், வனவியல் எதுவும் சரி. கூடவே புள்ளியியலை அஞ்சாமல் படியுங்கள், மேலே போட்ட 22 விழுக்காட்டுக் கணக்கு தினமும் வரும். வரைபட மென்பொருள் வேண்டும். வனவியலை விரும்பிப் படித்த பறவை ஆர்வலர்கள் குறைவு. அதனால் அவர்களுக்கு மதிப்பு அதிகம், மரக்காரரின் மொழியில் சுழற்சி, அடர்த்தி, விளைச்சல் என்று பேசத் தெரிந்தவர் சொல்வது கூட்டத்தில் எடுபடும். தொடக்கத்தில் பருவகால வேலைதான் கிடைக்கும், ஒப்பந்தம் சில மாதங்களில் முடியும். பெற்றோருக்கு இதை மறைக்காதீர்கள்.

பட்டியல்ல இருந்து எடுத்துட்டா வேலை முடிஞ்சிடுச்சுதானே?

கிர்ட்லேண்ட் குருவிக்கு ஆண்டுதோறும் இளங்காடு நட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நட்டது இருபது ஆண்டில் அதற்கு உதவாது. மரங்கொத்திக்குத் தீயும் பெட்டியும் தொடர வேண்டும். பட்டியலிலிருந்து நீங்கிய பிறகு நிதி யார் தருவார், யார் நடுவார் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி வாங்குவது இப்போது வேலையின் பெரும்பகுதி.

நான் ஓய்வு பெறுறதுக்குள்ள பலனைப் பார்ப்பேனா?

எந்தப் பறவை என்பதைப் பொறுத்தது. செருகிய பெட்டியில் மரங்கொத்தி அதே ஆண்டில் தங்கலாம். நட்ட ஜாக் பைனில் ஐந்தாறு ஆண்டில் குருவி பாடும். மர்லெட்டுக்காக இன்று விட்டுவைத்த இளமரத்தில் அகன்ற கிளை வருவதை நீங்களும் பார்க்க மாட்டீர்கள், உங்களுக்கு அடுத்து வருகிறவரும் பார்க்க மாட்டார். அதனால் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். மரத்தின் எண், இடம், விட்ட ஆண்டு, முக்கியமாக ஏன் விட்டோம் என்ற காரணம். காரணம் எழுதாத மரத்தை அடுத்த திட்டக்காரர் மறந்துபோன மரம் என்று நினைத்து வெட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.